துப்பாக்கிப் படகும் ஒரு கையெழுத்தும்

சிவசங்கரன் வீட்டில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. இப்படிச் சொன்னது வேறு யாருமில்லை, சிவசங்கரனேதான். துபாய் சத்வாவில் அவர் குடியிருந்த கட்டடத்தின் கீழே மீராசாவின் தையல் கடை இருந்தது. அங்கே டீ குடிக்க உட்காரும்போதெல்லாம் இதைச் சொல்வார். அந்த நேரம் பார்த்து மீராசா ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாகிவிடுவார்.

விஷயம் என்னவோ உண்மைதான். 2004-ஆம் வருஷம் அது. மனைவி ஜெயமணி அவருடைய விசாவில் துபாய்க்கு வந்தவள். நூலகத்தில் சேரப் போனாலும், தையல் வகுப்பில் சேரப் போனாலும், கவுண்டரில் இருப்பவர் தலையைத் தூக்காமலே "ஹஸ்பண்ட் என்ஓசி?" என்பார். என் மனைவி இதைச் செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கணவன் தருகிற கடிதம். ஜெயமணியே அதை டைப்பிங் சென்டரில் அடித்துக்கொண்டு வந்துவிடுவாள். காலை ஆறரைக்கு, ஒரு கையில் டீ டம்ளரும் மறு கையில் வண்டிச் சாவியுமாக அவர் டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில், காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்து அமுக்கிப் பிடிப்பாள்.

"எதுக்கு இது?"

"ஒரு கிளாஸுங்க."

"சரி, அனுமதிச்சாச்சு."

டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்தா அது! கீழே நீளமாக ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. பார்த்தால் ஏதோ ராஜாங்கத்தை எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும். ஆனால் எதையும் படிக்க மாட்டார். படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி வாங்கி எட்டு மாசமாகிறது. நாற்பத்தெட்டு வயசில் கண்ணாடியா என்று அதை டிராயரிலேயே போட்டு வைத்திருந்தார்.

ஜடாஃபில், படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் அவர் ஃபோர்மேன். அர்பாபுக்கு, அதாவது முதலாளிக்கு, சொந்தமாக இருபத்தோரு அடி ஃபைபர் படகு ஒன்று இருந்தது. ஆசையாக வாங்கி நாலு தடவை ஏறிவிட்டு மறந்துவிட்டார். எஞ்சினை ஓட்டாமல் போட்டால் கெட்டுப்போகுமே? "ஷங்கர், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சுற்று ஓட்டிட்டு வா" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மீராசா தூண்டிலோடு வருவார், இவர் ஃபிளாஸ்க்கில் டீயோடு போவார். ஊருக்குள் நீளும் கடல்கழியான க்ரீக்கின் உள்பக்கமாக, பூநாரைகள் தூரத்தில் தெரிகிற இடம் வரைக்கும் போய் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். மீன் கடித்தால்கூட மீராசா புருவத்தைத்தான் உயர்த்துவார்.

அந்த மௌனத்துக்காகத்தான் சிவசங்கரன் மீதி ஆறு நாளும் உயிரோடு இருந்தார் என்று சொல்ல வேண்டும். பகலெல்லாம் எஞ்சின்களின் அலறல். சாயங்காலம் கதவைத் திறந்தால் ஜெயமணி. மகள் விஜியை மதுரையில் காலேஜில் சேர்த்துவிட்டு வந்ததிலிருந்து ஜெயமணி பேசுகிற பேச்சு இரண்டு மடங்காகியிருந்தது. லிஃப்டில் பார்த்த பூனையில் தொடங்கும். பூனைக்குப் பால் வைத்த ஃபிலிப்பைன்ஸ்காரி, அவளுடைய குடை, அந்தக் குடை மாதிரியே தன் சித்தி மகள் வைத்திருந்த குடை என்று போகும். சிவசங்கரன் சாப்பிட்டு, கை கழுவி, பாயில் சாய்ந்த பிறகும் குடை மடங்காது. அவர் கெட்ட மனுஷரில்லை. காது களைத்துப்போன மனுஷர், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவரிடம் ஜெயமணி கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏங்க, என்னை ஒரு தடவை அந்த போட்ல கூட்டிட்டுப் போங்களேன்."

அருப்புக்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலே ஊர் கூடிப் பார்க்கிற இடம். வந்து பதினோரு வருஷத்தில் அப்ரா என்கிற சவாரிப் படகில் இரண்டு தரம் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போயிருக்கிறாள், அதுவும் மளிகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு. தண்ணீர் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஆனால் சிவசங்கரனுக்கு அது தன் காதுக்கு இருந்த ஒரே விடுமுறையில் கை வைக்கிற காரியம். ஒரு வாரம் காற்று பலம் என்றார். ஒரு வாரம் லைஃப் ஜாக்கெட் பத்தாது என்றார். ஒரு வாரம், படகுக்கு உடம்பு சரியில்லை என்று வாய் தவறிச் சொல்லி, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்க வைத்தார். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினார். சாக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்த நேரத்தில்தான் அர்பாப் அந்தத் துப்பாக்கியை வாங்கிப் படகில் வைத்தார்.

ஆளைச் சுடுகிற துப்பாக்கி இல்லை. ஆபத்து நேரத்தில் வானத்தில் சிவப்பு நெருப்பை விட்டு உதவிக்கு ஆள் கூப்பிடுகிற சிக்னல் துப்பாக்கி. குட்டையாக, ஆரஞ்சு நிறத்தில், பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரிதான் இருக்கும். ஆனால் படகுத்துறை ஆபீஸில் அதற்காக இரண்டு பக்கத்துக்கு விதிகள் அச்சடித்துக் கொடுத்தார்கள். சிவசங்கரன் தலைப்பை மட்டும் கண்ணைச் சுருக்கிப் படித்தார். மனசுக்குள் ஒரு சிவப்பு நெருப்பு ஜிவ்வென்று மேலே போனது. அன்று சாயங்காலமே தாளைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

"இனிமே நீ ஆசைப்பட்டாலும் முடியாது ஜெயமணி. போட்ல துப்பாக்கி ஏத்தியாச்சு."

"துப்பாக்கியா? யாரைச் சுட?"

"யாரையும் இல்ல. வானத்தை."

"வானம் உங்கள என்ன பண்ணுச்சு?"

"விளையாடாத. ஆயுதம் இருக்கிற போட்ல கார்டு இல்லாதவங்க கால் வைக்கக் கூடாது. சட்டம்."

"மீராசா அண்ணனுக்குக் கார்டு இருக்கா?"

சிவசங்கரன் இதை எதிர்பார்க்கவில்லை. "இருக்கு" என்றார்.

"உங்களுக்கு?"

"எனக்கு இல்லாமலா?" பர்ஸைத் திறந்து ஒரு கார்டைக் காட்டி, அவள் கை நீட்டுவதற்குள் மூடிவிட்டார். வளைகுடாவில் மனுஷனுக்குக் கார்டுக்கா பஞ்சம்? லேபர் கார்டு, ஹெல்த் கார்டு, அந்த கேட் கார்டு, இந்த கேட் கார்டு. அவர் காட்டியதில் அவர் போட்டோவும் ஒரு சீலும் இருந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதற்கான கார்டு அது.

"பொம்பளைங்களுக்குக் கொடுக்க மாட்டாங்களா?"

"துப்பாக்கி ஜெயமணி! குக்கர் விசிலுக்கே நீ ரெண்டடி தள்ளி நிப்ப."

ஜெயமணி ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த தாளைப் பார்த்தாள். சிவசங்கரன் குளிக்கப் போகும்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குளித்துவிட்டு வந்தபோது இரண்டாம் பக்கத்தைத் திருப்பியிருந்தாள். பிறகு வழக்கம்போல லிஃப்ட் பூனையிடம் போய்விட்டாள். சிவசங்கரன் அன்று ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அந்தத் தாளில் கார்டு இல்லாதவர்கள் ஏறக் கூடாது என்று எங்கேயுமே இல்லை. இருந்தது வேறு. க்ரீக்குக்குள் இருக்கிற வரைக்கும் துப்பாக்கியில் தோட்டா போட்டு வைக்கக் கூடாது. துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறொரு பெட்டியில், இரண்டுக்கும் பூட்டு. சாவியை வைத்திருப்பவர் பயிற்சி முடித்துக் கார்டு வாங்கியவராக இருக்க வேண்டும், அவர் படகில் இருந்தாக வேண்டும். துப்பாக்கியைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. தண்ணீரில் இருந்தால்தான் அது உயிர் காக்கிற சாமான், கரையில் கால் வைத்தால் ஆயுதம், அதற்குப் போலீஸ் காகிதம் வேண்டும். கடைசி விதி, இரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பயிற்சி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஆண் பெண் யாரும் சேரலாம், விசாவில் இருப்பவர்கள் விசா எடுத்துக் கொடுத்த ஸ்பான்சரின் என்ஓசி கொண்டுவர வேண்டும்.

அர்பாப் சிவசங்கரனைத்தான் பயிற்சிக்குப் போகச் சொல்லியிருந்தார். "நாளைக்குப் போறேன் அர்பாப்" என்று இவர் மூன்று செவ்வாய்க்கிழமைகளைத் தள்ளிப்போட்டார். எஞ்சினையே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டுகிறவனுக்கு வகுப்பில் உட்கார்ந்து பொம்மைத் துப்பாக்கிப் பாடமா? துறையிலும் யாரும் கேட்கவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை நிம்மதியாகப் போய் வந்தார். சட்டம் இவ்வளவு இதமானது என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

நாலாவது வியாழக்கிழமை ஜெயமணி ஒரு சின்ன விண்ணப்பம் போட்டாள்.

"நாளைக்கு உங்ககூட துறை வரைக்கும் வரட்டுமாங்க? போட்ல கால் வைக்க மாட்டேன். கரையில நின்னு நீங்க போறதைப் பாத்துட்டு டாக்ஸி பிடிச்சு வந்திடுறேன்."

இதற்கு என்ன சாக்குச் சொல்வது? கரைக்குக் கார்டு கேட்பார்கள் என்றா? சிவசங்கரனுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பாவப்பட்டால் அவர் பெருந்தன்மைக்காரராகிவிடுவார். "வா, வா. நல்லா காத்து வாங்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை மீராசா வரவில்லை. "அவசரமா ஒரு கோட்டு வெட்டணும்ணே" என்று போனில் சொன்னார். குரலில் என்னவோ ஒரு இழுப்பு இருந்தது, கூடவே பின்னால் அவர் மனைவி ஹாலிதா சிரிக்கிற சத்தமும் கேட்டது. சிவசங்கரன் அதைக் கவனிக்கவில்லை. ஜனவரி மாசத்து வெயில் இதமாக இருந்தது. ஜெயமணி அவளிடம் இருந்ததிலேயே பெரிய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையில் கனகாம்பர நிறத்தில் ஒரு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்தாள்.

துறை வாசலில் புது ஆள் ஒருவர் நின்றிருந்தார். பாதுகாப்பு அதிகாரியாக அந்த வாரம்தான் சேர்ந்தவர். சட்டைப் பையில் சேதுமாதவன் என்று பெயர் தைத்திருந்தது. தமிழ் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார்.

"இந்த போட்ல ஃப்ளேர் கன் இருக்கு சார். கார்டு காட்டுங்க."

சிவசங்கரன் பழக்கதோஷத்தில் பர்ஸைத் திறந்து காட்டி மூடப் பார்த்தார். சேதுமாதவன் விரல் குறுக்கே வந்தது. கார்டை வாங்கி, நிதானமாக இரண்டு பக்கமும் திருப்பினார்.

"சார், இது ஃபோர்க்லிஃப்ட் கார்டு."

ஜெயமணி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவசங்கரன் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, மூணு வாரமா போய்ட்டுத்தான் இருக்கேன்."

"இந்த வாரத்திலிருந்து செக்கிங் சார். கார்டு உள்ளவர் ஏறாம போட் நகரக் கூடாது."

"அப்ப துப்பாக்கியை இறக்கி வச்சிட்டுப் போறேன். ஆபீஸ்ல வச்சுக்குங்க."

"ஐயோ, கரைக்கு வந்தா ஆயுதம் சார். போலீஸ் பேப்பர் இருக்கா?"

"அப்ப துப்பாக்கியோடயும் போகக் கூடாது, துப்பாக்கி இல்லாமலும் போகக் கூடாது?"

"கரெக்ட் சார்" என்றார் சேதுமாதவன், நல்ல மாணவனைப் பாராட்டுவது போல.

சிவசங்கரன் படகைப் பார்த்தார். அது கயிற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. இந்த வாரம் மௌனம் இல்லை. எஞ்சின் ஓடவில்லை என்று தெரிந்தால் அர்பாபும் சும்மா விடமாட்டார். மூன்று செவ்வாய்க்கிழமையும் எங்கே போனாய் என்று கேட்பார். சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றாள் ஜெயமணி.

கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே ஒரு கவர், கவருக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு கார்டு. சேதுமாதவன் வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க மேடம்! செவ்வாய்க்கிழமை கிளாஸ்ல பதினோரு ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒரு லேடி கை நடுங்காம சுட்டாங்கன்னு எங்க சார் சொன்னார். நீங்கதானா?"

சிவசங்கரன் கார்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ... சுட்டியா?"

"ஒரு தடவை சுடச் சொன்னாங்க. சுட்டேன். சிவப்பா மேல போய் நின்னுச்சு. அழகா இருந்துச்சுங்க."

அவர் அந்தத் துப்பாக்கியை இதுவரை தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதை மறைக்கப் பிடித்துக்கொள்ள ஒன்றைத் தேடினார், கிடைத்தது. "என்னோட என்ஓசி இல்லாம உனக்கு எப்படிக் கொடுத்தாங்க? நான் கேக்குறேன். சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஜெயமணி கைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். அச்சு எழுத்து அவர் கண்ணுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அடியில் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. நீளமாக ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

"எதுக்குன்னு கேட்டீங்க. ஒரு கிளாஸுன்னேன். அனுமதிச்சாச்சுன்னீங்க."

சேதுமாதவன் மரியாதையாகத் திரும்பிக்கொண்டார். ஜெயமணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பலகையைப் பிடித்து, முதல் தடவையாக அந்தப் படகில் கால் வைத்தாள். சிவசங்கரனிடம் பெட்டிச் சாவியை வாங்கி இரண்டு பெட்டியையும் இழுத்துப் பார்த்துப் பூட்டைச் சோதித்தாள். பிறகு உட்கார்ந்து, கரையில் நின்ற கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க, கார்டு இல்லாதவங்க கால் வைக்கக் கூடாதாமே?"

"ஜெயமணி..."

"சட்டம்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது... அப்படி ஒரு சட்டம் இல்ல" என்றார் சிவசங்கரன். படகு விஷயத்தில் ஒரு உண்மையைச் சொல்ல அவருக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"தெரியும். ரெண்டு பக்கமும் படிச்சேன். ஏறுங்க, எஞ்சின் ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்."

படகு கிளம்பியது. சிவசங்கரன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். இதோ பூனை வரும், இதோ குடை வரும் என்று இருந்தார். ஒன்றும் வரவில்லை. படகுப் பட்டறைகள் பின்னால் போயின. மரக்கலங்கள் போயின. பூநாரைகள் தெரிகிற இடம் வந்ததும் எஞ்சினை அணைத்தார். தண்ணீர் படகின் அடியில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜெயமணி மடியில் கையை வைத்துக்கொண்டு, ரோஜா நிறத்தில் ஒரு கோடு போல நின்ற பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் ஆனது. அரை மணி நேரம் ஆனது. மீராசாகூட இடையில் ஒரு தடவை தும்முவார்.

கடைசியில் தாங்க முடியாமல் பேசினது சிவசங்கரன்தான்.

"ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்குற? கோபமா?"

"கோபமெல்லாம் இல்லங்க."

"வீட்ல இப்படியா இருப்ப?"

ஜெயமணி அவர் பக்கம் திரும்பினாள். "வீட்ல காலையில நீங்க போனா ராத்திரிதான் வர்றீங்க. ஜன்னலைத் திறந்தா எதிர் பில்டிங் ஏசி பெட்டி. விஜியும் போயிட்டா. பகலெல்லாம் ஒரு முகம் கிடையாது. அந்தப் பூனையை நான் நேர்ல பாத்து ஆறு மாசம் ஆச்சு. நீங்க வந்ததும் ஏதாவது பேசினாத்தான் வீட்ல ஆள் இருக்குன்னு எனக்கே தெரியும். இங்க எதுக்குப் பேசணும்? எல்லாம் எதிர்லயே இருக்கு."

சிவசங்கரன் ஃபிளாஸ்க்கைத் திறந்தார், மூடினார். ஆறு மாசமாக இல்லாத பூனைக்கு அவர் தினமும் உம் கொட்டியிருக்கிறார். ஒரு நாளாவது, பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தன் காதுதான் களைத்துப்போனது என்று நினைத்திருந்தார். இவளுக்கு என்ன களைத்துப்போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்ததேயில்லை. வெட்கமாக இருந்தது. டீயை மூடியில் ஊற்றி அவளிடம் நீட்டினார். இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்தார்கள். வெயில் சாய்கிற வரைக்கும் அங்கேயே இருந்தார்கள். அவருடைய வெள்ளிக்கிழமைகளிலேயே மிகவும் அமைதியான வெள்ளிக்கிழமை அதுதான்.

திரும்பி வந்து கயிற்றைக் கட்டும்போது அவர் மனசு நெகிழ்ந்து போயிருந்தது. பாவப்பட்டால் அவர் பெருந்தன்மைக்காரராகிவிடுவார் என்று முன்பே சொன்னோமே, நெகிழ்ந்தாலும் அப்படித்தான்.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் நீ வா ஜெயமணி. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. தாராளமா அனுமதிக்கிறேன்."

"வராம? அடுத்த வாரம் ஹாலிதாவும் நாலாவது மாடி அகிலாவும் வர்றாங்க. சொல்லிட்டேன்."

"அப்ப நான்?"

ஜெயமணி கைப்பையைத் திறந்தாள். இந்தத் தடவை முதலில் வந்தது, டிராயரில் எட்டு மாசம் கிடந்த அவருடைய கண்ணாடி. பின்னாலேயே டைப்பிங் சென்டரில் அடித்த ஒரு காகிதம். சிவசங்கரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கல்யாணமாகி முதல் தடவையாக, அவள் நீட்டிய காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தார்.

'ஜெயமணி ஆகிய நான், என் கணவர் சிவசங்கரன் மேற்படி படகில் எஞ்சின் ஓட்ட வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன். டீ அவரே போட்டுக் கொண்டுவர வேண்டும். செல்லுபடியாகும் காலம்: வரும் வெள்ளிக்கிழமை, ஒரு நாள் மட்டும்.'

இரண்டாம் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. நியாயமாகத்தான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, படகின் விளிம்பில் காகிதத்தை வைத்து அமுக்கினார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

"இதுக்கு உங்க கையெழுத்து வேண்டாங்க" என்றாள் ஜெயமணி. "நான் போட்டுட்டேன்."